கூடம் கோணலா?

2023 ஏப்ரல் 4, செவ்வாய்க்கிழமை இரவு. லண்டன் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ் மைதானத்தில் செல்சிக்கும் லிவர்பூலுக்கும் பிரீமியர் லீக் ஆட்டம். கோல் விழவில்லை. செல்சி வலைக்குள் தள்ளிய இரண்டு பந்துகளும் செல்லாமல் போயின. ஒன்று ஆஃப்சைடு, மற்றொன்று கையில் பட்டது. ஆட்டமாகப் பார்த்தால் மறந்துவிடக்கூடிய ஆட்டம். ஆனால் அது நடந்திருக்க வேண்டிய தேதி 2022 செப்டம்பர் 18. அன்றே நடந்திருந்தால், புதிதாகப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற கிரஹாம் பாட்டருக்குச் சொந்த மைதானத்தில் அதுதான் முதல் லீக் ஆட்டம். ஆறரை மாதம் தள்ளி நடந்தபோது பாட்டர் வேலை போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. கோட்டோரம் நின்று கத்தியவர் அவருடைய உதவியாளராக வந்த புருனோ சால்டோர். மேலே இருக்கையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் ஃபிராங்க் லாம்பார்ட்; அடுத்த இரண்டாம் நாள் அவரே இடைக்காலப் பயிற்சியாளர். நடுக்களத்தில் ஆடிய என்ஸோ ஃபெர்னாண்டஸ், செப்டம்பர் 18 அன்று போர்ச்சுகலின் பென்ஃபிகா வீரர்.

ஒத்திவைத்த ஒரே ஆட்டத்துக்குள் ஒரு சீசன் முழுவதும் மடங்கிக் கிடக்கிறது. 2022–23இல் செல்சி இரண்டு டிரான்ஸ்ஃபர் காலங்களில் செலவழித்தது கிட்டத்தட்ட 60 கோடி பவுண்டு. கடைசியில் நின்ற இடம் பன்னிரண்டு. 38 ஆட்டங்களில் 44 புள்ளி, 38 கோல். 1993–94இல் பதினான்காவதாக முடித்த பிறகு இவ்வளவு கீழே அந்த அணி இறங்கியதில்லை.

அந்தச் சீசனுக்காக வாதாடுகிறவர்கள் சொல்லும் முதல் காரணம் ஆட்ட அட்டவணை. எலிசபெத் ராணி இறந்து ஆட்டங்கள் நின்றன. நடு சீசனில் கத்தாரில் உலகக் கோப்பை. மிச்ச நாட்களில் மூன்று நாளுக்கு ஓர் ஆட்டம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று பழமொழியைச் சொல்லிக் கடந்துவிடுவது எளிது. ஆனால் அந்த ஆண்டு கூடம் உண்மையிலேயே கோணல்தான். எவ்வளவு கோணல், யாருக்குக் கோணல் என்று பார்த்துவிட்டுத் தீர்ப்புக்குப் போவதுதான் நியாயம்.

செப்டம்பர் 6 அன்று ஜாக்ரெபில் டினாமோ அணியிடம் சாம்பியன்ஸ் லீகில் 0–1 தோல்வி. மறுநாள் காலை பயிற்சியாளர் தாமஸ் டுஹெல் நீக்கம். 8ஆம் தேதி பாட்டர் நியமனம். அன்று மாலையே ராணி காலமான செய்தி. 10ஆம் தேதி ஃபுல்ஹாமுடன் நடக்க வேண்டிய ஆட்டம் அந்தச் சுற்று முழுவதோடும் சேர்ந்து ஒத்திவைக்கப்பட்டது. (அதே சனிக்கிழமை, அதே லண்டனில், ஓவல் மைதானத்தில் தென்னாப்பிரிக்காவுடன் கிரிக்கெட் டெஸ்ட் நடந்துகொண்டுதான் இருந்தது. துக்கத்துக்கு விளையாட்டுக்கு விளையாட்டு வேறு கணக்கு.) இறுதிச் சடங்குக்குக் காவல்துறை தேவைப்பட்டதால் லிவர்பூல் ஆட்டமும் போயிற்று. பிறகு சர்வதேச ஆட்டங்களுக்கான இடைவெளி. பாட்டர் தன் முதல் லீக் ஆட்டத்தை ஆடியது அக்டோபர் 1 அன்று, கிரிஸ்டல் பேலஸுடன். இடையில் சால்ஸ்பர்க்குடன் சாம்பியன்ஸ் லீகில் ஒரே ஒரு 1–1.

அங்கிருந்து, உலகக் கோப்பைக்கு முந்தைய கடைசி ஆட்டம் நடந்த நவம்பர் 12 வரை எண்ணிப் பாருங்கள்: 43 நாளில் 13 ஆட்டம். இந்த வேகத்தில் பயிற்சி என்று ஒன்று நடக்காது. முந்தைய நாள் ஆட்டத்தின் உடல்வலியை ஆற்றுவது, அடுத்த நாள் எதிரணியின் காணொளி பார்ப்பது, பேருந்து ஏறுவது, இவ்வளவுதான் முடியும். பாட்டரோ சொல்லிச் சொல்லிப் பழக்கி, மாதக்கணக்கில் ஓர் அணியை வார்க்கிற ரகம். அப்படிப்பட்டவருக்கு இந்த அட்டவணை பாதகம் என்பதில் சந்தேகமில்லை. வலப்பக்கம் ரீஸ் ஜேம்ஸ், இடப்பக்கம் பென் சில்வெல், நடுவில் வெஸ்லி ஃபொஃபானா, எங்கோலோ கான்டே என்று முதுகெலும்பே மருத்துவ அறையில் கிடந்தது. ஜேம்ஸும் சில்வெல்லும் உலகக் கோப்பையையே இழந்தார்கள்.

இந்தச் சலுகையை எழுதி வைத்துக்கொண்டு மறுபக்கத்துக்கு வருவோம். ராணி இறந்தது எல்லா அணிக்கும்தான். குறிப்பாக ஓர் அணிக்கு அது செல்சியைப் போலவே விழுந்தது: பிரைட்டன். பாட்டரைச் செல்சி பறித்துக்கொண்டு போனது அங்கிருந்துதான். கூடவே உதவியாளர்கள் கூட்டத்தையும். அப்போது பிரைட்டன் நான்காம் இடத்தில் இருந்தது. அதே இரண்டு வாரத்தில் அவர்களுக்கும் இரண்டு ஆட்டம் ஒத்திவைப்பு. அதே இடைவெளியில் ராபர்டோ டி ஸெர்பியை நியமித்தார்கள். அவருக்கும் அதே அக்டோபர் 1தான் முதல் ஆட்டம்.

இதைவிடச் சரிசமமான ஒப்பீடு கால்பந்தில் அபூர்வமாகத்தான் வாய்க்கும். முதல் ஒரு மாதத்தில் யார் தேறினார்கள் என்று கேட்டால் விடை பாட்டர்! ஒன்பது ஆட்டம் தோல்வியே இல்லை. மிலானை இரண்டு முறை வீழ்த்தினார். டி ஸெர்பிக்கு ஐந்து ஆட்டத்தில் ஒரு வெற்றிகூட இல்லை. அக்டோபர் 29 அன்று இருவரும் பிரைட்டனில் மோதினார்கள். ஐந்தாவது நிமிடம் லியான்ட்ரோ ட்ரொசார்ட் ஒன்று போட்டார், இடைவேளைக்குள் செல்சி வீரர்களே தங்கள் வலைக்குள் இரண்டு போட்டுக்கொண்டார்கள், முடிவு 4–1. டி ஸெர்பியின் முதல் வெற்றி அது. சீசன் முடிந்தபோது பிரைட்டன் 62 புள்ளியோடு ஆறாவது. தங்கள் வரலாற்றில் முதல் முறையாக ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி.

இங்கே ஒரு மறுப்பு எழும். அது சரியான மறுப்பும்கூட. பிரைட்டனுக்கு அந்த ஆண்டு ஐரோப்பிய ஆட்டங்கள் இல்லை. வார நடுவில் அவர்கள் பயிற்சி எடுத்தபோது செல்சி மிலானிலும் ஜாக்ரெபிலும் இருந்தது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மான்செஸ்டர் சிட்டி அதே வார நடு ஆட்டங்களையும் உள்நாட்டுக் கோப்பைகளையும் தாங்கி, உலகக் கோப்பைக்கும் வீரர்களை அனுப்பிவிட்டு, மூன்று கோப்பைகளை ஒரே சீசனில் வென்றது. ஆக, அட்டவணை செல்சிக்குச் சில புள்ளிகளைக் கெடுத்திருக்கலாம். நான்காம் இடத்துக்குரிய அணியை ஏழாம் இடத்துக்குத் தள்ளியிருக்கலாம். பன்னிரண்டாம் இடம் வரை இழுத்து வந்தது வேறு ஏதோ. இதைவிட வலுவான சான்று பிப்ரவரியில் கிடைக்கிறது. உலகக் கோப்பை முடிந்து, காசு கொட்டி ஆட்களை நிரப்பி, மூச்சு விட நேரமும் கிடைத்த அந்த மாதத்தில் செல்சி ஆடியது ஐந்து ஆட்டம். போட்டது ஒரே கோல். தோல்விகளில் ஒன்று, சொந்த மைதானத்தில், சவுத்தாம்ப்டனிடம். சவுத்தாம்ப்டன் அந்த ஆண்டு கடைசி இடத்தில் முடித்துக் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. சீசன் முழுக்க அவர்கள் வென்றது ஆறே ஆட்டம். அதில் இரண்டு செல்சிக்கு எதிராக.

சரி, வாங்கிய கதைக்கு வருவோம். இங்கும் தொடக்கத்தில் உரிமையாளர்களுக்குச் சாதகமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 2022 மார்ச் 10 அன்று ரோமன் அப்ரமோவிச் மீது பிரிட்டன் தடை விதித்தது. மே 30 அன்று டாட் போலியும் கிளியர்லேக் நிறுவனமும் கைக்கு எடுக்கும் வரை அந்த அணியால் ஆள் வாங்கவோ விற்கவோ ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவோ முடியவில்லை. அன்டோனியோ ரூடிகரும் ஆந்திரேயாஸ் கிறிஸ்டென்சனும் ஒப்பந்தம் முடிந்து ஒரு காசும் தராமல் ஸ்பெயினுக்குப் போனார்கள். பின்வரிசையில் இரண்டு ஓட்டை. ஆகவே கலிடு கூலிபாலி, ஃபொஃபானா இருவரையும் வாங்கியதை ஆடம்பரம் என்று சொல்ல முடியாது, தேவை.

ஆனால் அந்தக் கோடையிலேயே மரீனா கிரனோவ்ஸ்காயாவும் பீட்டர் செக்கும் வெளியேறினார்கள். வீரர்களை வாங்கி விற்கும் வேலையை ஆண்டாண்டாகச் செய்த கைகள் அவை. அந்த நாற்காலியில் போலி தானே உட்கார்ந்துகொண்டார். பேஸ்பால் அணியில் முதலீடு செய்து அனுபவமுள்ளவர். கால்பந்துச் சந்தைக்குப் புதியவர். மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசத் தெரியாதவன் சத்தமாக விலை கேட்டால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று. ரஹீம் ஸ்டெர்லிங்குக்கு 4.75 கோடி பவுண்டு. பிரைட்டனின் மார்க் குகுரேயாவுக்கு 5.5 கோடி. லெஸ்டரிடமிருந்து ஃபொஃபானாவுக்கு சுமார் 7 கோடி. விற்பவர்கள் எல்லாரும் காத்திருக்கத் தெரிந்தவர்கள், வாங்குபவருக்குத்தான் அவசரம்.

கடைசி நாளான செப்டம்பர் 1 அன்று ஒபமெயாங் வந்து சேர்ந்தார். டார்ட்மண்டில் டுஹெல்லிடம் ஆடியவர். அந்தப் பழக்கத்தை நம்பித்தான் வரவழைத்தார்கள். சில நாட்களுக்கு முன் வீட்டில் கொள்ளையர் தாக்கி அவருடைய தாடை உடைந்திருந்தது. முகமூடி போட்டுக்கொண்டு ஜாக்ரெபில் முதல் ஆட்டம் ஆடினார். மறுநாள் காலை, யாருக்காக வந்தாரோ அவர் வேலையில் இல்லை. லீகில் அந்தச் சீசன் முழுவதும் ஒபமெயாங் போட்டது ஒரு கோல். பிப்ரவரியில் சாம்பியன்ஸ் லீக் பட்டியலிலிருந்தே பெயரை எடுத்துவிட்டார்கள்.

என் பார்வையில் அந்தச் சீசனின் அச்சு முறிந்த இடம் இதுதான். டுஹெல்லை நீக்கியது தவறா என்று மட்டும் கேட்டால் பிடி கிடைக்காது. அவர் அப்போது ஆறு லீக் ஆட்டத்தில் பத்துப் புள்ளி எடுத்திருந்தார். லீட்ஸிடம் 0–3 தோற்றிருந்தார். முகத்தில் களைப்பு தெரிந்தது. ஒரு புது முதலாளிக்கு அவரைப் பிடிக்காமல் போயிருக்கலாம். அது அவர் உரிமை. ஆனால் பிடிக்காத பயிற்சியாளரை ஜூனில் அனுப்ப வேண்டும். அவருடைய விருப்பத்தைக் கேட்டுக் கால் பில்லியன் பவுண்டுக்குச் சரக்கு எடுத்துவிட்டு, கடை சாத்திய ஆறாம் நாள் அனுப்புவது நிர்வாகம் இல்லை. பொண்ணு பிடிக்கவில்லை என்றால் நிச்சயதார்த்தத்துக்கு முன்பே சொல்லித் தொலைக்க வேண்டும். பந்தலைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது சொல்வதா?

அடுத்த வாரம் போலி நியூயார்க்கில் ஒரு மேடையில் பேசினார். பிரீமியர் லீகின் வட பகுதி அணிகளுக்கும் தென் பகுதி அணிகளுக்கும் ஒரு நட்சத்திர ஆட்டம் வைத்தால் என்ன என்று யோசனை சொன்னார். ஏற்கெனவே இருக்கிற ஆட்டங்களை எங்கே செருகுவது என்று தெரியாமல் எல்லாரும் நாள்காட்டியைப் புரட்டிக்கொண்டிருந்த வாரம் அது. தேதி கிடைத்தால் எனக்கு ஃபோன் பண்ணட்டும் என்ற பொருளில் லிவர்பூலின் யூர்கன் கிளாப் பதில் சொன்னார். சின்ன விஷயந்தான். ஆனாலும் யார் கையில் அணி இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான படம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஜனவரி. இங்கிலாந்து நீங்கலாக ஐரோப்பாவின் மற்ற நான்கு பெரிய லீக்குகளின் அணிகள் எல்லாம் சேர்ந்து செலவழித்ததைவிடச் செல்சி என்ற ஒற்றை அணி அதிகம் செலவழித்த மாதம். எட்டுப் பேரை ஒப்பந்தம் செய்தார்கள். பாடியாஷில், மடுவேகே, குஸ்தோ என்று பெரும்பாலும் இருபதை ஒட்டிய வயதுக்காரர்கள். உச்சம், மாதத்தின் கடைசி இரவில் என்ஸோவுக்குக் கொடுத்த 10.68 கோடி பவுண்டு. அன்றைக்குப் பிரிட்டிஷ் சாதனை விலை.

இந்தச் செலவை நியாயப்படுத்திய கணக்கு எளிமையானது, கெட்டிக்காரத்தனமானதும்கூட. வீரருக்குக் கொடுத்த விலையை ஒப்பந்த ஆண்டுகளில் பிரித்து எழுதுவது கணக்கு வழக்கம். என்ஸோவின் ஒப்பந்தம் எட்டரை ஆண்டு. ஆண்டுக்குச் சுமார் 1.25 கோடி என்று ஏட்டில் விழும். ஐந்து ஆண்டாக இருந்தால் 2.1 கோடிக்கு மேல் விழுந்திருக்கும். மிகைலோ முத்ரிக்குக்கும் அதே எட்டரை ஆண்டு. சட்டத்தில் இடமிருந்தது, புகுந்தார்கள். யூஇஎஃப்ஏ உடனே விழித்துக்கொண்டு 2023 கோடையிலிருந்து ஐந்து ஆண்டுக்கு மேல் பிரிக்கக்கூடாது என்றது; அந்த டிசம்பரில் பிரீமியர் லீகும் அதே வழிக்கு வந்தது. விதியையே மாற்ற வைத்த புத்திசாலித்தனம் என்று பாராட்டுகிறவர்கள் உண்டு. ஏட்டில் எட்டாண்டாகப் பிரித்த சுமை களத்தில் அப்படிப் பிரியாது என்பதை அவர்கள் மறக்கிறார்கள். முத்ரிக் அந்தச் சீசனில் செல்சிக்காக ஒரு கோலும் போடவில்லை.

வந்தவர்களுக்கு ஈடாக யாரும் போகவில்லை என்பது அடுத்த சிக்கல். ஜார்ஜினோவை ஆர்சனலுக்கு 1.2 கோடிக்குக் கொடுத்தது தவிர வாசல் அடைத்தே கிடந்தது. ஹக்கீம் ஸியெச் கடைசி நாளில் பாரிஸ் போய்க் காத்திருந்தார். காகிதங்கள் நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேராததால் பேரம் முறிந்தது. மூன்று நாள் கழித்து, திரும்பி வந்த அதே மனிதரை ஃபுல்ஹாமுக்கு எதிராக முதல் பதினொன்றில் இறக்கினார்கள்! சாம்பியன்ஸ் லீகுக்குப் புதியவர்களில் மூவரைத்தான் பதிய முடியும். என்ஸோ, முத்ரிக், இரவலாக வந்த ஜோவாவ் ஃபெலிக்ஸ் மூவருக்கும் இடம். அப்போது நன்றாக ஆடிக்கொண்டிருந்த பாடியாஷில் வெளியே. பாட்டருக்குக் கிடைத்தது அணியல்ல, வரிசையில் நிற்கும் கூட்டம். ஒவ்வொரு வாரமும் பத்துப் பன்னிரண்டு பேரிடம் உனக்கு இடமில்லை என்று சொல்வதே அவருடைய முழு நேர வேலையாகியிருக்கும்.

ஜனவரி 12 ஆட்டத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். செப்டம்பர் 10 அன்று நின்றுபோன ஃபுல்ஹாம் ஆட்டம்தான் அது. நம் நேரத்துக்கு இரவு ஒன்றரை மணி. அட்லெடிகோ மாட்ரிடிலிருந்து இரவலாக வந்திருந்த ஜோவாவ் ஃபெலிக்ஸுக்கு அன்று முதல் ஆட்டம். முதல் பாதியில் அவர் ஆடிய ஆட்டத்தைப் பார்த்தவர்கள் அப்பாடா என்று நிமிர்ந்தார்கள்; பந்து காலில் ஒட்டிக்கொண்டது, ஆட்களைத் தாண்டினார், கோலை நோக்கி அடித்துக்கொண்டே இருந்தார். செல்சிக்காக ஏழு ஆண்டு ஆடிய வில்லியன் ஃபுல்ஹாமுக்கு முதல் கோல் போட, கூலிபாலி சமன் செய்தார். 58ஆவது நிமிடம். பந்து சற்று நீண்டு ஓட, ஃபெலிக்ஸ் பாதம் தூக்கிப் பாய்ந்தார். கென்னி டெட்டேவின் காலில் ஆணிகள் பதிந்தன. நேரே சிவப்பு அட்டை. கார்லோஸ் வினிசியஸ் தலையால் முட்டி ஃபுல்ஹாம் 2–1. 2006க்குப் பிறகு செல்சியை அவர்கள் வென்றது அப்போதுதான்.

அட்டவணை செல்சியைக் கெடுத்தது என்பவர்களுக்கு இந்த ஆட்டம் பிடித்தமான சாட்சி. செப்டம்பரில் நடந்திருந்தால் ஃபெலிக்ஸ் அதில் இருந்திருக்கவே மாட்டார், அட்டையும் இல்லை. உண்மை. ஆனால் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தால் வேறு பேசுகிறது. நாலு மாதம் தள்ளிப்போனதால் செல்சிக்குக் கிடைத்தது ஒரு கூடுதல் முன்கள வீரர். சுமார் ஒரு கோடி பவுண்டு வாடகை கொடுத்து, அரை சீசனுக்கு. வந்து ஒரே நாள் பயிற்சியில் இறக்கினார்கள். யாரோடு சேர்ந்து ஆடுகிறோம், பந்தை இழந்தால் பின்னால் யார் நிற்பார் என்று தெரியாத ஒருவர், இழந்த பந்தைத் தானே துரத்திப் பாய்வதில் என்ன ஆச்சரியம்? அட்டை வாங்கியது ஃபெலிக்ஸ், அவசரம் முதலாளிகளுடையது.

பாட்டரை முழுக்க விடுவிக்கவும் மாட்டேன். லீகில் 22 ஆட்டம், 28 புள்ளி. இருக்கிற கூட்டத்தில் பதினாறு பேரைப் பொறுக்கி, மற்றவர்களை மறந்துவிட்டு, ஒரே அமைப்பில் ஆடவைக்கும் பிடிவாதம் அவரிடம் இல்லை. வாரத்துக்கொரு அமைப்பு, மூவர் பின்வரிசை, நால்வர் பின்வரிசை, மறுபடி மூவர். எல்லாருக்கும் வாய்ப்புக் கொடுக்கப்போய் யாருக்கும் இடம் உறுதியில்லை என்றாயிற்று. ஆனாலும் மார்ச்சில் டார்ட்மண்டை வீழ்த்திச் சாம்பியன்ஸ் லீக் காலிறுதிக்கு அணியைக் கொண்டுபோய் நிறுத்தியவர் அவர். அதற்குப் பின் வந்த லாம்பார்ட் காலம் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை: 11 ஆட்டம், ஒரு வெற்றி, எட்டுத் தோல்வி. நிர்வாகம் சீசனைக் கைகழுவிவிட்டது என்பதற்கான ரசீது அது.

என் தீர்ப்பு இது. அட்டவணைக்குக் குற்றத்தில் சிறு பங்கு. அது தண்டனையைக் குறைக்கும், விடுதலை தராது. வாங்கிய வீரர்களைத் தனித்தனியே பார்த்தால் பெரும்பாலோர் நல்ல ஆட்டக்காரர்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. பயிற்சியாளர்கள் மூவரில் பாட்டருக்கு மட்டும் ஓரளவு பொறுப்பு உண்டு. முதன்மைக் குற்றவாளி, யாருக்காக வாங்குகிறோம் என்று முடிவு செய்யும் முன்பே வாங்கத் தொடங்கிய நிர்வாகம். விலை ஏறியது, கூட்டம் பெருத்தது, அமைப்பு கலைந்தது, எல்லாம் அந்த ஒரு வரிசைப் பிழையின் பிள்ளைகள்.

மேல்முறையீடு ஒன்று இருக்கிறது. அதையும் கேட்டாக வேண்டும். 2025 ஜூலை 13 அன்று செல்சி, பாரிஸ் சான் ஜெர்மனை 3–0 என்று வீழ்த்தி கிளப் உலகக் கோப்பையை வென்றது. நீண்ட ஒப்பந்தம், இளம் வீரர்கள் என்ற பந்தயம் பலித்துவிட்டதே என்கிறார்கள். அன்று களமிறங்கிய பதினொருவரை எடுத்துப் பார்த்தேன். 60 கோடி பவுண்டு செலவழித்த அந்தச் சீசனில் வாங்கியவர்களில் மூவர் இருக்கிறார்கள்: என்ஸோ, குகுரேயா, குஸ்தோ. பிரைட்டனிலிருந்து செல்சி விலைக்கு எடுத்தவர்கள் நால்வர்: சான்செஸ், குகுரேயா, கைசெடோ, ஜோவாவ் பெட்ரோ. நடுப் பின்வரிசையில் நின்ற லீவை கோல்வில் செல்சி வளர்த்த பிள்ளைதான். 2022–23இல் அவரை இரவல் கொடுத்திருந்தார்கள். எங்கே என்றால், பிரைட்டனுக்கு.